மூன்றாவது பிள்ளைக்கு ஆல்பம் இல்லை

சோபாவில் மடிக்காத துணி, சிங்க்கில் நேற்றைய பாத்திரம், கிடைக்காத ஒற்றை ஷூ. சின்னப் பிள்ளைகள் பலர் வளரும் வீட்டில் எதை விட்டுவிடலாம், எதை விடவே கூடாது, யார் விட்டுக்கொடுப்பது?

"மிஸ் இன்னிக்கு எல்லோ டிரஸ் போட்டுட்டு வரச் சொன்னாங்கம்மா."

எல்.கே.ஜி படிக்கும் நடுப்பிள்ளை இதைச் சொல்லும்போது மணி ஏழு நாற்பது. வேன் வருவது ஏழு ஐம்பதுக்கு. அவன் ஏற்கெனவே யூனிஃபார்மில் இருக்கிறான், ஒரு காலில் மட்டும் ஷூ. இன்னொரு ஷூவுக்குள் இரண்டு பொம்மைக் கார்கள் நிற்கின்றன. ஷூ கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, அது இன்னும் யாருக்கும் தெரியாது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மூத்தவள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஒரு பக்கம் பின்னியாயிற்று, மறுபக்கத்துக்கு ரப்பர் பேண்ட் காணவில்லை. பதினோரு மாதக் கைக்குழந்தை தவழ்ந்து போய், நேற்று ராத்திரி சோபாவுக்கு அடியில் உருண்ட இட்லித் துண்டைக் கண்டுபிடித்து வாயில் வைக்கிறது. குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறது. பாத்ரூமுக்குள்ளிருந்து செல்போன் வீடியோ சத்தம். உள்ளே இருப்பவர் குடும்பத் தலைவர்.

அம்மா அந்த இட்லியைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு மஞ்சள் சட்டை தேடப் போய்விடுகிறார்.

இந்த வீடு ஆவடியில் இருக்கலாம், திருப்பூரில் இருக்கலாம், நாகர்கோவிலில் இருக்கலாம். இரண்டு, மூன்று, நான்கு என்று சின்னப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் வளரும் எந்த வீட்டிலும் காலை எட்டு மணிக்கு முன்னால் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. மூத்தவள் கைக்குழந்தையாக இருந்தபோது இதே அம்மா கிண்ணத்தையும் ஸ்பூனையும் கொதிநீரில் போட்டு எடுத்துத்தான் கஞ்சி ஊட்டினார். குப்புற விழுந்த தேதி, முதல் பல், முதல் மொட்டை எல்லாம் ஆல்பத்தில் இருக்கிறது. இரண்டாமவனின் ஆல்பம் முதல் பிறந்தநாளோடு நின்றுவிட்டது. மூன்றாவதுக்கு ஆல்பமே இல்லை. போன் கேலரியில் மளிகை லிஸ்ட்டுக்கும் பள்ளி நோட்டீஸுக்கும் நடுவே சில படங்கள் கிடக்கின்றன, அவ்வளவுதான்.

பாசம் குறைந்துவிட்டதாக அந்த அம்மாவே ராத்திரி படுத்துக்கொண்டு யோசிக்கிறார். அது அப்படியில்லை. கையும் நேரமும் தூக்கமும்தான் குறைந்திருக்கின்றன. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

பெறச் சொல்பவர்கள்

2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு, அதிகம் பிள்ளை பெறுங்கள் என்றார். இரண்டுக்கு மேல் பெற்றவர்கள்தான் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம் என்று சட்டம் கொண்டுவரும் யோசனையும் இருப்பதாகச் சொன்னார். அடுத்த ஓரிரு நாளில் சென்னையில் 31 ஜோடிகளுக்குத் திருமணம் நடத்திவைத்த முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், மக்கள்தொகை குறைந்தால் நாடாளுமன்றத் தொகுதியும் குறையும் என்ற தொகுதி மறுவரையறைக் கவலையை மனதில் வைத்து, பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்று கேட்கும் நிலைமை வந்துவிட்டதே என்றார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், புதுமணத் தம்பதிகள் தாமதிக்காமல் பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணத்தைச் சுவர் சுவராக வரைந்த நாட்டில் இது பெரிய திருப்பம்.

எண்கள் அவர்கள் பக்கம் இருக்கின்றன. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 1.8. 2020-க்கான மாதிரிப் பதிவு முறைக் கணக்கில் அது 1.4. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையை ஈடுகட்ட 2.1 வேண்டும். தொகுதி எத்தனை குறையும் என்பது அரசியலின் கவலை. வீட்டின் கவலை வேறு: இரண்டாவது வந்த பிறகு வேலையை விட்டவர்கள் எத்தனை பேர், மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு மேடைப் பேச்சை டிவியில் பார்த்தவர்களுக்கு என்ன தோன்றியது? மேடையில் அந்தப் பேச்சு வரவில்லை.

ஆறு பெத்த பாட்டி

பிள்ளை வளர்ப்பின் கஷ்டத்தை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மாமியாரிடமிருந்தோ பெரியம்மாவிடமிருந்தோ பதில் தயாராக இருக்கும். "நாங்கல்லாம் ஆறு பெத்து வளக்கலையா? ஒண்ணு ரெண்டுக்கே இந்தப் பாடா?"

வளர்த்தார்கள், உண்மை. எப்படி என்பதைத்தான் யாரும் முழுசாகச் சொல்வதில்லை. ஒரே கூரையின் கீழ் அத்தை, சித்தி, கொழுந்தனார் மனைவி என்று நாலு பெண்கள் இருந்தார்கள். பிள்ளைகள் தெருவில் வளர்ந்தன. தெருவில் கார் இல்லை, திண்ணையில் கிழவர்கள் இருந்தார்கள். ஹோம்ஒர்க்கைப் பெற்றவர் செய்துதர வேண்டும் என்று எந்த வாத்தியாரும் எதிர்பார்க்கவில்லை. சட்டை, பாடப்புத்தகம், சிலேட்டு எல்லாம் மேலிருந்து கீழே இறங்கி வந்தன.

இன்னொரு பக்கமும் உண்டு. 1971-ல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயது முடிவதற்குள் இறந்துகொண்டிருந்தன. 2020-ல் தமிழ்நாட்டின் எண் 13. ஆறு பெத்த பாட்டியைக் கொஞ்சம் தனியாக உட்காரவைத்துக் கேட்டால் ஏழாவது, எட்டாவது பெயர் ஒன்று வரும், குரல் மாறும். அடுத்து, அந்த ஆறில் மூத்தது பெண்ணாக இருந்தால் அவள் படிப்பு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். ஐந்தாவதோடு நின்றிருக்கும். இடுப்பில் தம்பியைச் சுமந்தது யார் என்று நினைத்தீர்கள்?

பாட்டியின் வீட்டில் குறைகள் ஏராளம் இருந்தன. அவற்றைக் குறை என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அதனால் பாட்டிக்குக் குற்றவுணர்வு வரவில்லை. அந்த அளவுக்குப் பாட்டி அதிர்ஷ்டசாலி. இன்றைய அம்மாவிடம் கைகள் பாட்டியிடம் இருந்ததைவிடக் குறைவு, எதிர்பார்ப்புகள் பலமடங்கு. நடுவில் உள்ள இடைவெளியை அவர் ஒருவரே தூக்கத்தை வெட்டி நிரப்புகிறார்.

■ நிமிடக் கணக்கு

மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு நாளொன்றுக்குச் செலவாகும் நேரத்தை அளக்கிறது. அந்த வேலையைச் செய்பவர்களின் சராசரி இது.

2019: பெண்கள் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம்.
2024: பெண்கள் 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம்.

ஐந்து வருஷத்தில் பெண்களுக்கு 10 நிமிடம் மிச்சமானது. அந்தப் பத்து நிமிடத்தை ஆண்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களும் 9 நிமிடம் குறைத்துக்கொண்டார்கள்.

குழந்தைகள், முதியோர் எனக் குடும்பத்தினரைப் பராமரிப்பதில் 15 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் 41 சதவிகிதத்தினர் ஈடுபடுகிறார்கள், நாளுக்குச் சராசரி 140 நிமிடம். ஆண்களில் 21.4 சதவிகிதத்தினர், 74 நிமிடம் (2024).

பாத்திரம் யாரை அழுத்துகிறது?

வீடு கலைந்து கிடப்பது எல்லோர் கண்ணிலும் ஒரே மாதிரி படுவதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2001 முதல் 2005 வரை, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் 32 நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளுக்குள் கேமராவோடு போய் உட்கார்ந்தார்கள். எந்தச் சாமான் எங்கே கிடக்கிறது என்பது வரைக்கும் குறித்தார்கள். கணவனையும் மனைவியையும் தனித்தனியாக வீட்டைச் சுற்றிக்காட்டச் சொல்லி, அவர்கள் பேசியதைப் பதிவு செய்தார்கள். நாளின் பல வேளைகளில் எச்சில் மாதிரி எடுத்து, மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்டிசால் ஹார்மோனை அளந்தார்கள்.

கார்டிசால் காலையில் உயர்ந்து, மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். வீட்டைச் சுற்றிக்காட்டும்போது 'அடைசல்', 'முடியாத வேலை' என்ற வகையில் அதிகம் பேசிய மனைவிகளுக்கு அது சரியாக இறங்கவில்லை. டார்பி சாக்ஸ்பியும் ரீனா ரெபெட்டியும் 2010-ல் இதை வெளியிட்டார்கள். கணவர்களிடம் இந்தத் தொடர்பு அவ்வளவாகத் தெரியவில்லை. அதே ஹால், அதே துணிக்குவியல்தான். ஒருவர் அதைத் தாண்டிப் போய் டிவி போடுகிறார். இன்னொருவரின் உடம்புக்குள் அது ராத்திரி வரை வேலை செய்கிறது.

ஏன் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸ் போக வேண்டியதில்லை. சொந்தக்காரர் திடீரென்று வந்து, ஹால் கலைந்து கிடப்பதைப் பார்த்தால், மனதுக்குள் யாரைச் சொல்வார்? "வீட்டை எப்படி வச்சிருக்கா பாரு" என்பார். 'வச்சிருக்கான்' என்று சொன்னவரை இதுவரை நான் சந்தித்ததில்லை. வீட்டின் குறைக்கு ஒரே பெயரில்தான் பட்டா எழுதியிருக்கிறது.

அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி, பெற்றோரின் மன அழுத்தத்தைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகவே அறிவித்து 2024 ஆகஸ்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார். பெரும்பாலான நாட்களில் தாங்க முடியாத அழுத்தம் என்று சொன்ன பெற்றோர் 48 சதவிகிதம். மற்ற பெரியவர்களில் 26 சதவிகிதம். பெல்ஜியத்தைச் சேர்ந்த இசபெல் ரோஸ்கம், மொய்ரா மிகோலாஜ்சாக் இருவரும் ஒருங்கிணைத்த 42 நாடுகளின் ஆய்வு (2021) இன்னொன்றைக் காட்டியது. தனிமனிதப் போக்கு மிகுந்த பணக்கார நாடுகளில்தான் பெற்றோர் அதிகம் சோர்ந்துபோகிறார்கள். நம் வீடுகளும் கூட்டுக் குடும்பத்திலிருந்து இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்கு வந்துவிட்டன. ஆனால் 'பெரியவங்க இருந்தா பாத்துப்பாங்க' என்ற நினைப்பை மட்டும் காலி செய்யவில்லை. பெரியவர்கள் ஊரில் இருக்கிறார்கள். வீடியோ காலில் வந்து, "குழந்தை இளைச்ச மாதிரி இருக்கே" என்கிறார்கள்.

எல்லோ டே, ரெட் டே

இன்ஸ்டாகிராமைத் திட்டுவது சுலபம். மர அலமாரியில் வண்ணவாரியாக அடுக்கிய பொம்மைகள், கேரட்டில் பூ வெட்டிய லஞ்ச் பாக்ஸ், வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளை உடையில் மூன்று பிள்ளைகள். அந்தக் கேமரா அரை அடி தள்ளினால் என்ன தெரியும் என்பது பார்க்கும் அம்மாவுக்கே தெரியும். தெரிந்தும் வலிக்கிறது. அதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று.

நான் அதைவிடப் பள்ளிகளைக் குறை சொல்வேன். வாரம் ஒரு கலர் டே, மாதம் ஒரு ஃபேன்ஸி டிரஸ், தெர்மாகோலில் சூரியக் குடும்பம், ஏ4 தாளில் குடும்ப மரம், 'நெருப்பில்லாத சமையல்' போட்டி. நான்கு வயதுப் பிள்ளை செய்ய வேண்டிய புராஜெக்ட்டை முப்பத்திரண்டு வயது அம்மா ராத்திரி பதினொன்றரைக்குச் செய்கிறார். மறுநாள் மிஸ் அதற்கு ஸ்டார் போடுகிறார். ஒரு பிள்ளை என்றால் ஒரு வாட்ஸ்அப் குரூப். மூன்று பிள்ளைக்கு மூன்று குரூப், மூன்று டைம்டேபிள், மூன்று 'டியர் பேரண்ட்ஸ்'. பள்ளிகள் எல்லாக் குடும்பத்தையும் ஒரு பிள்ளைக் குடும்பமாகவே நினைத்துத் திட்டம் போடுகின்றன. பிள்ளை ஒட்டிய கோணல்மாணல் சூரியனே போதும் என்று ஒரு தலைமை ஆசிரியர் சுற்றறிக்கை அனுப்பினால், அந்த ஊரில் அன்று ராத்திரி நூறு அம்மாக்கள் ஒரு மணி நேரம் முன்னதாகத் தூங்குவார்கள்.

குறையோடு வளர்ந்தால் பிள்ளைக்கு என்ன ஆகும்?

அம்மாக்களை ராத்திரி தூங்கவிடாத கேள்வி இதுதான். இதற்கு ஓரளவு பதில் உண்டு.

லண்டன் பேடிங்டன் கிரீன் குழந்தைகள் மருத்துவமனையில் சுமார் நாற்பது வருஷம் பணியாற்றியவர் டொனால்ட் வினிகாட். குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளர், பிபிசி வானொலியில் தாய்மார்களிடம் பேசிப் புகழ்பெற்றவர். (அவருக்குப் பிள்ளை இல்லை. ஆலோசனை சொல்பவர்களுக்கு அந்த வசதி எப்போதும் உண்டு.) 1953-ல் அவர் எழுதியதன் சாரம் இது: பிள்ளைக்கு வேண்டியது குறையே இல்லாத அம்மா அல்ல, போதுமான அம்மா. பிறந்த புதிதில் அழுதவுடன் ஓடிவரும் அம்மா, பிள்ளை வளர வளரச் சிறுகச் சிறுகத் தாமதிக்க வேண்டும். அந்தச் சின்ன ஏமாற்றங்களில்தான் பிள்ளை, உலகம் தன் விருப்பப்படி சுற்றவில்லை என்று கற்றுக்கொள்கிறது. ஒற்றைப் பிள்ளை வீட்டில் இந்தத் தாமதத்தை அம்மா யோசித்துச் செய்ய வேண்டும். மூன்று பிள்ளை வீட்டில் அது தானாக நடக்கிறது. ஒன்றுக்குக் கால் கழுவிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று கத்தினால், காத்திருக்கத்தான் வேண்டும்.

கூடப்பிறந்தவர்களால் கிடைப்பதும் உண்டு. ஜோசஃப் பெர்னரும் குழுவினரும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், கூடப்பிறந்தவர்களோடு வளரும் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள், அடுத்தவர் மனதில் தவறான எண்ணம் ஒன்று இருக்கலாம் என்பதை முன்னதாகவே புரிந்துகொண்டார்கள். பிஸ்கட்டை டப்பா மாற்றி ஒளித்துவைத்துத் தம்பியை ஏமாற்றியவள் இந்தப் பரிசோதனையை வீட்டிலேயே பலமுறை செய்து பார்த்தவள் அல்லவா? 1989-ல் டேவிட் ஸ்ட்ராகன், 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த 17,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் குழந்தைகளின் விவரத்தை ஆராய்ந்தார். மூத்தவர்கள் அதிகம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மகரந்த ஒவ்வாமை குறைவாக இருந்தது. சின்ன வயதில் அண்ணன் அக்காவிடமிருந்து தொற்றிய கிருமிகள்தான் காரணமோ என்று அவர் ஊகித்தார். பிறகு வந்தவர்கள் அந்த ஊகத்தைப் பலவாறு திருத்தினார்கள். இதைப் படித்துவிட்டுத் தரை துடைப்பதை நிறுத்த வேண்டாம். சோபாவுக்கு அடியில் கிடந்த இட்லிக்காக அழவும் வேண்டாம்.

இழப்பே இல்லை என்று சொன்னால் பொய். நார்வேயின் மக்கள்தொகை முழுவதன் விவரங்களை அலசிய ஆய்வு (2005), பிறப்பு வரிசையைக் கணக்கில் எடுத்த பிறகு குடும்பத்தின் அளவு பிள்ளைகளின் படிப்பை ஏறக்குறைய பாதிக்கவில்லை என்றது. அதே ஆய்வு, பின்னால் பிறந்தவர்கள் முன்னால் பிறந்தவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே படித்திருந்தார்கள் என்றும் காட்டியது. ஆல்பம் இல்லாத பிள்ளையிடம் தினமும் கொஞ்ச நேரம், அண்ணனும் அக்காவும் குறுக்கே வராமல், தனியாகப் பேச வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை. குளிப்பாட்டும் நேரம் போதும்.

இன்னொரு இழப்பைக் கணக்கெடுப்புகள் பிடிப்பதில்லை. 'பெரிய மனுஷி மாதிரி தங்கச்சியப் பாத்துக்குறா' என்று நாம் மெச்சும் ஏழு வயதுப் பெண். தொட்டில் ஆட்டுகிறாள், பால் டப்பா எடுத்துத் தருகிறாள், தம்பிக்கு சாக்ஸ் மாட்டுகிறாள். கொஞ்சம் உதவி நல்லதுதான். அவளைவிட ஒரு வயது மூத்த பையன் அந்த வீட்டில் இருந்தால் தொட்டிலை யார் ஆட்டுவார் என்று யோசித்தால், அது உதவியா, பழைய கதையின் தொடர்ச்சியா என்பது புரியும். பாட்டி வீட்டு அக்காவின் படிப்பு நின்றது. இந்த அக்காவின் படிப்பு நிற்காது, விளையாட்டு நிற்கும்.

கத்திய பிறகு

மூன்று சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருமுறைகூடக் கத்தாத அம்மாவோ அப்பாவோ இருந்தால், அவர்களை இந்த இதழின் அட்டையில் போடலாம்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக்கின் பரிசோதனை புகழ்பெற்றது. சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று முகத்தைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். குழந்தை முதலில் சிரித்துக் காட்டும், கையை நீட்டும், குரல் கொடுக்கும். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். அம்மா மறுபடி சிரித்ததும் மெல்லத் திரும்பி வரும். 1978-ல் வெளியான இந்த ஆய்வைத் தொடர்ந்து அவர் கண்டுபிடித்ததுதான் நமக்கு முக்கியம். நன்றாகப் பழகும் அம்மாவும் குழந்தையும்கூட நேருக்கு நேர் கொஞ்சும்போது, ஏறக்குறைய 30 சதவிகித நேரம்தான் ஒருவர் மனநிலையோடு ஒருவர் ஒத்துப்போகிறார்கள். மீதி நேரமெல்லாம் தவறுவதும் சரிசெய்வதும்தான். அந்தச் சரிசெய்தலில்தான் நம்பிக்கை வளர்கிறது என்கிறார் டிரானிக்.

நம் வீடுகள் தடுமாறும் இடம் இது. கத்துவதற்கு நமக்குச் சொல் உண்டு. சரிசெய்வதற்குச் சோறுதான் உண்டு. அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, "சரி சரி, சாப்பிட வா" என்போம். அதற்கு மேல் பெற்றவர் இறங்கக் கூடாது. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று ஒரு பழமொழியையும் வைத்துக்கொண்டு, அணைப்பைக் காட்டி அடியை நியாயப்படுத்திவிடுகிறோம். பாலைக் கொட்டியதற்குத் தம்பியின் மேல் காட்ட வேண்டிய கோபத்தை உன் மேல் காட்டிவிட்டேன், அது என் தப்பு என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். அது உங்களைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்க்கும். "சரி, தம்பிய இப்பத் திட்டு" என்று சொல்லவும் கூடும்.

■ இதில் மட்டும் சமரசம் இல்லை

மடிக்காத துணி, இஸ்திரி போடாத சட்டை, மூன்று வேளையும் தோசை, கடையில் வாங்கிய மாவு, ஒரு நாள் குளிக்காத பிள்ளை: இவற்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. கீழே இருப்பவை வேறு.

தண்ணீர்: தவழும் குழந்தை மூழ்க வாளியில் சில அங்குலத் தண்ணீர் போதும். பாத்ரூம் கதவு எப்போதும் தாழ் போட்டிருக்கட்டும்.

சூடு: சாம்பாரையும் ரசத்தையும் தரையில் வைத்துப் பரிமாறும் பழக்கம், தவழும் பிள்ளை இருக்கும்வரை வேண்டாம்.

வாயில் போவது: கடலை, பட்டாணி, முழுத் திராட்சை சின்னப் பிள்ளைகளுக்கு மூச்சை அடைக்கும். பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடலாம்; உடனே மருத்துவமனை. பினாயிலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

டூவீலர்: 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும் பாதுகாப்புப் பட்டையும் கட்டாயம், வேகம் 40 கிலோமீட்டருக்குள். 2023 பிப்ரவரி முதல் இது விதி.

தடுப்பூசி: மூன்றாவது பிள்ளைக்கு மறந்துபோகக்கூடியவை 16-24 மாதத்திலும் 5-6 வயதிலும் போட வேண்டியவை. அட்டையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

செல்போன்: 2 வயதுக்குள் திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2019). கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் நேரத்தில் நான்கு வயதுக்காரன் கார்ட்டூன் பார்ப்பது அந்தக் கணக்குக்குள் வரும். மூன்று வேளையும் போனைக் காட்டிச் சோறு ஊட்டுவது வராது.

அம்மா: பிரசவத்துக்குப் பின் தொடர்ந்து அழுகை, தூக்கமின்மை, குழந்தையைத் தூக்கவே பிடிக்காத நிலை இருந்தால் அது சோம்பேறித்தனம் அல்ல. டெலி-மானஸ் இலவச எண் 14416.

மூன்றாவதுக்கு லீவும் இல்லை

அரசும் மூன்றாவது பிள்ளைக்கு ஆல்பம் வாங்கவில்லை. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு சலுகைச் சட்டம் சம்பளத்தோடு 26 வார விடுப்பு தந்தது. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் 12 வாரம்தான். மத்திய அரசு ஊழியர்களான பெண்களுக்குப் பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. அது மூத்த இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும். மத்திய அரசில் வேலை செய்யும் அப்பாவுக்கு 15 நாள் விடுப்பு, அதுவும் இரண்டு பிள்ளைகள் வரை. மூன்றாவது பிறந்தால் அவருக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. தனியார் நிறுவன அப்பாக்களுக்குச் சட்டப்படி எதுவுமே இல்லை.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு முதல் மணத்தில் இரண்டு பிள்ளைகள். மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தைக்கு விடுப்பு கேட்டபோது, இரண்டுக்கு மேல் கிடையாது என்று மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 மே மாதத்தில் நீதிபதிகள் அபய் எஸ்.ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு, மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் ஒரு பகுதி என்று கூறி அவருக்கு விடுப்பு தரச் சொன்னது. பதினாறைப் பற்றி மேடையில் பேச்சு வந்த ஏழாவது மாதம் இந்தத் தீர்ப்பு வந்தது.

உதவியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்த காலை உணவுத் திட்டத்தில், அரசுத் தொடக்கப் பள்ளிகளின் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் கிடைக்கிறது. பசியைப் பற்றித்தான் இதை எல்லோரும் பேசினார்கள். இரண்டு பிள்ளைகளை அந்தப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்குக் காலையில் அடுப்படியில் மிச்சமாகும் நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகளும் இருக்கின்றன, ஆனால் அவற்றின் நேரம் பிற்பகலோடு முடிகிறது. பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் ராத்திரி எட்டு வரைக்கும் போகும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் அலுவலகத்தில் எந்த மாடியில் இருக்கிறது என்று எச்.ஆரைக் கேட்டுப் பாருங்கள்.

அப்பா ஹெல்ப் பண்றார்

"எங்க வீட்டுக்காரர் ரொம்ப ஹெல்ப் பண்ணுவார்" என்பதைப் பாராட்டாகச் சொல்கிறோம். வாடகைக்குக் குடிவந்தவரும் ஹெல்ப் பண்ணுவார்.

குறைகளை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற அறிவுரை அம்மாவுக்கு மட்டும் போனால், வேலை அவரிடமே இருக்கும். மனதை மட்டும் தேற்றிக்கொள்ளச் சொல்கிறோம் என்று அர்த்தம். வேலை கை மாறினால்தான் அந்த அறிவுரைக்கு மதிப்பு. கை மாறும்போது வேலை மோசமாகத்தான் நடக்கும். அப்பா பின்னிய சடை பள்ளிக்கூட வாசலில் அவிழும். அவர் குளிப்பாட்டிய பிள்ளையின் காதுக்குப் பின்னால் சோப்பு இருக்கும். டயப்பர் பின்முன்னாக இருக்கும். "எனக்கு வராது, நீயே பண்ணிடு" என்று அவர் தப்பிக்கும் இடமும் இதுதான். "விடுங்க, நானே பண்ணிக்கிறேன்" என்று அவர் கையிலிருந்து சீப்பைப் பிடுங்கி அம்மா மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். கோணல் சடையோடு பிள்ளையை வேனில் ஏற்றிவிட முடிந்த அம்மாவுக்குத்தான் அடுத்த வாரமும் அந்தச் சடை கையை விட்டுப் போகும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள். திங்கள், புதன், வெள்ளி லஞ்ச் பாக்ஸ் அப்பாவின் பொறுப்பு என்று முடிவாயிற்று. அவருக்கு வந்தது ஒன்றே ஒன்று. மூன்று நாளும் தயிர் சாதம், தொட்டுக்கொள்ள அப்பளம். பத்தரை மணிக்கே நமத்துப்போகும் அப்பளம். இரண்டாவது வாரம் மூத்தவளின் டைரியில் மிஸ் எழுதி அனுப்பினார்: லஞ்ச்சில் வெரைட்டி இருக்கட்டும். அம்மா படித்துவிட்டு, டைரியை மூடி, கணவரின் லேப்டாப் மேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை, பெற்றோர் கையெழுத்து போட வேண்டிய இடத்துக்கு மேலே அப்பா எழுதியிருந்தார்: "எலுமிச்சை சாதம் பழகிக்கிட்டிருக்கேன் மிஸ். ஒரு வாரம் டைம் குடுங்க."